ஹேட்ரியன் சுவரோரம் ஒரு நெடுநடை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் நியூகாசிலுக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஹேட்ரியன் சுவர்ப் பாதையை இரண்டு தடவை முழுசாக நடந்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை இழுத்துக்கொண்டு நடுப்பகுதிக்கு மட்டும் போனதற்குக் கணக்கில்லை. பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும், ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்யும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பேசிப் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அது என்ன சுவர்? எங்கே இருக்கு?

ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்தார். அப்போது அவர் உத்தரவில் எழுந்த எல்லைச் சுவர் இது. தீவு இடுப்பு ஒடுங்கி இருக்கும் இடத்தில் குறுக்கே போகிறது. கிழக்கே டைன் ஆற்றங்கரையில் வால்ஸெண்ட், மேற்கே சால்வே கழிமுகத்தில் போனெஸ். நீளம் 80 ரோமன் மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 117 கிலோமீட்டர். லெஜியன் எனப்படும் மூன்று பெரும் படைப்பிரிவுகளின் வீரர்களே கொத்தனாராகவும் சித்தாளாகவும் நின்று கட்டினார்கள். ஒவ்வொரு ரோமன் மைலுக்கும் வாசல் வைத்த ஒரு சின்னக் கோட்டை, அடுத்தடுத்த இரண்டு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரம், அங்கங்கே நூற்றுக்கணக்கான வீரர்கள் தங்கும் பெரிய கோட்டை என்று அச்சில் வார்த்த மாதிரி ஒரு திட்டம். மேற்குப் பகுதியை முதலில் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கித்தான் எழுப்பினார்கள், பிறகு கல்லுக்கு மாற்றினார்கள்.

சுவரை ஒட்டிப் போகும் நடைபாதை 2003இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. அது 135 கிலோமீட்டர். ஆறு, பண்ணை, ஊர் என்று சுற்றிப் போவதால்தான் சுவரைவிட நீளம். வழி நெடுகக் கம்பங்களில் வெள்ளை ஓக் விதைப் படம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறுவது கஷ்டம்.

அப்ப அதுதானே இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லை?

இல்லை. பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள், உள்ளூர் வெள்ளைக்காரர்கள் உட்பட. சுவர் முழுக்க முழுக்க இங்கிலாந்துக்குள் இருக்கிறது. மேற்கு முனையில் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து கண்ணுக்குத் தெரியும். கிழக்கு முனையிலோ இன்றைய எல்லை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளி இருக்கிறது. இந்தச் சுவர் எழுந்தபோது இங்கிலாந்து என்றோ ஸ்காட்லாந்து என்றோ ஒரு நாடே கிடையாது.

ரோமர்களின் எல்லையும் இங்கேயே நிற்கவில்லை. ஹேட்ரியனுக்கு அடுத்து வந்த ஆண்டனைனஸ் பயஸ் எல்லையை வடக்கே தள்ளி, கி.பி. 142 வாக்கில் இன்னொரு சுவர் கட்டினார். இருபது வருஷம் போல அது எல்லையாக இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

135 கிலோமீட்டரும் சுவர் மேலேயே நடக்கணுமா?

சுவர் மேலே ஏறவே கூடாது. நடப்பது பக்கத்தில். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு மேற்கே மரங்களுக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் விதிவிலக்கு, அங்கே பாதையே சுவரின் தலைமேல் போகிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். வெளியே தெரிகிற சுவர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். முதல் நாள் முழுக்க நியூகாசில் நகரமும் ஆற்றங்கரையும்தான். கடைசி இரண்டு நாள் வயலும் சேறும். சுவர் சுவராகத் தெரிவது நடுவில்.

மீதிக் கல் எங்கே போனது? அக்கம்பக்கத்துத் தேவாலயம், பண்ணை வீடு, ஆட்டுப்பட்டி என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. லேனர்காஸ்ட் மடாலயத்தின் சுவரைப் பார்த்தாலே தெரியும். பெரிய அழிவு 1745க்குப் பிறகு வந்தது. அந்த வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து, அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளம்பிய ஜாக்கோபைட் படை மேற்கு வழியாக இறங்கியபோது, நியூகாசிலில் இருந்த அரசுப் படையால் மேற்கே இருக்கும் கார்லைலுக்குப் போய் மறிக்க முடியவில்லை, நல்ல சாலை இல்லை. அதனால் 1750களில் ஒரு ராணுவச் சாலை போட்டார்கள். சுவரை இடித்து அதன் மேலேயே மைல் கணக்கில் சாலை. இன்று அது பி 6318. காரில் போகும்போது சக்கரத்துக்கு அடியில் ரோமன் அஸ்திவாரம். மிச்சம் நமக்குக் கிடைத்ததற்கு ஜான் கிளேட்டன் என்பவரும் ஒரு காரணம். நியூகாசில் நகராட்சியில் பெரிய பதவியில் இருந்தவர். 19ஆம் நூற்றாண்டில் சுவர் போகிற பண்ணைகள் விலைக்கு வரும்போதெல்லாம் வாங்கிப் போட்டு, கல் எடுப்பதை நிறுத்தினார்.

எத்தனை நாள் ஆகும்? நான் தினமும் பார்க்ல அரை மணி நேரம் நடக்கிறவன், என்னால முடியுமா?

வழக்கமான கணக்கு ஆறு நாள். ஹெடன், சாலர்ஃபோர்ட், ஸ்டீல் ரிக், வால்டன், கார்லைல் ஆகிய இடங்களில் இரவு தங்கி, ஆறாம் நாள் போனெஸ். ஒரு நாளைக்கு 18 முதல் 26 கிலோமீட்டர் வரும். என்னைக் கேட்டால் எட்டு நாள். கோட்டைகளைப் பார்க்க நேரம் வேண்டும். ஆறு நாளில் ஓடி முடித்தவர்களிடம் எந்தக் கோட்டை பிடித்தது என்று கேட்டால் முழங்கால் வலியைத்தான் சொல்வார்கள்.

பூங்காவில் அரை மணி நேரம் நடப்பவர் மூன்று மாதம் பழகினால் முடியும். மிக உயரமான இடமான வின்ஷீல்ட்ஸ் கிராக் 345 மீட்டர்தான், நம் பரங்கிமலையைப் போல நாலு மடங்கு இருக்கும், அவ்வளவே. ஆனால் நடுப்பகுதியில் ஒரே ஏற்றம் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கற்படிகளாகவே போகும். அடுத்தடுத்த நாள் அதே காலோடு எழுந்து நடப்பதுதான் சோதனை. சனி ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து இருபது இருபது கிலோமீட்டர் நடந்து பாருங்கள். திங்கட்கிழமை காலை மாடிப்படி இறங்கும்போது பதில் தெரிந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடந்திருக்கேன். இது அதைவிடக் கஷ்டமா?

வேறு மாதிரிக் கஷ்டம். பழனி நடையில் கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். தண்ணீர்ப் பந்தல் உண்டு, அன்னதானம் உண்டு, காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் உண்டு. இங்கே மூன்று மணி நேரம் நடந்தாலும் மனிதரைவிடச் செம்மறி ஆடுதான் அதிகம் எதிரில் வரும். குடிக்கிற தண்ணீரைக் காலையிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மற்றபடி தார்ச்சாலையில் வெறுங்காலில் நடந்த பாதம் உங்களுடையது என்றால் தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், ஈரத்தை நினைத்துப் பயப்படுங்கள்.

எந்தப் பக்கம் ஆரம்பிக்கலாம்?

பெரும்பாலோர் கிழக்கிலிருந்து மேற்கே போகிறார்கள். கட்டடப் பகுதியை முதலில் தள்ளிவிட்டுக் கடைசியில் கடலைப் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். சின்னக் கோட்டைகளுக்கும் கோபுரங்களுக்கும் எண் போட்டிருப்பதும் கிழக்கிலிருந்துதான். வால்ஸெண்ட் மெட்ரோ நிலையத்தில் அறிவிப்புகளை லத்தீனிலும் எழுதி வைத்திருப்பார்கள். தொடங்குகிற இடத்தில் ஒரு சிரிப்போடு தொடங்கலாம்.

எதிர்த்திசைக்கு ஒரே ஒரு காரணம், ஆனால் வலுவான காரணம்: காற்று. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். மேற்கே நடந்தால் மழை முகத்தில். கிழக்கே நடந்தால் முதுகில். நான் முதல் முறை மேற்கே போனேன், இரண்டாம் முறை கிழக்கே வந்தேன். இனி ஒருமுறை போனால் காற்றோடுதான் போவேன்.

டிசம்பர்ல லீவு கிடைக்குது, வரலாமா?

வேண்டாம். மே முதல் அக்டோபர் வரைதான் இதற்குக் காலம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பது உங்கள் பிரச்சினை. ஈர மண்ணில் பூட்ஸ் போட்டு நடந்தால் புல் கிழிந்து, அடியில் தோண்டாமல் கிடக்கும் ரோமன் மிச்சங்கள் சிதையும் என்பது சுவரின் பிரச்சினை. 1987இலிருந்து இது உலகப் பாரம்பரியச் சின்னம். அதனால் ஈரமான குளிர்காலத்தில் முழு நடையைத் தவிர்க்கச் சொல்லியே கேட்டுக்கொள்கிறார்கள். டிசம்பரில்தான் வர முடியும் என்றால் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் பாருங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்க போனா சுவரைப் பார்க்கலாம்?

ஹவுஸ்டெட்ஸிலிருந்து ஸ்டீல் ரிக் வரை, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். வின் சில் என்ற கரும்பாறை மேடு அங்கே வடக்கு நோக்கிச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கிறது. அதன் விளிம்பிலேயே சுவர் ஏறி இறங்கிப் போகும். கீழே கிராக் லாக் ஏரி. இயற்கையே மதில் கட்டி வைத்த இடத்தில் அதன் மேல் இன்னொரு மதில் எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றும். திட்டம் என்றால் திட்டம், அரசாங்க வேலை அப்படித்தான்.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் கழிப்பறையைப் பார்க்காமல் வராதீர்கள். வீரர்கள் வரிசையாக உட்கார்ந்த இடம், அடியில் ஓடிய கால்வாய், சுத்தம் செய்துகொள்ளத் தரையில் வெட்டிய தண்ணீர் ஓடை எல்லாம் அப்படியே தெரியும். நான் கூட்டிப்போன குழந்தைகள் சுவரை மறந்துவிட்டார்கள், இதை மறக்கவில்லை. காலம் சரியாக இருந்தால் கோட்டைகளை இணைக்கும் பஸ் ஓடும். அதன் எண் ஏடி 122. ஏன் அந்த எண் என்று முதல் பதிலிலேயே இருக்கிறது.

அந்தப் படத்துல வந்த ஒத்தை மரம் இன்னும் இருக்கா?

இல்லை. சிக்கமோர் கேப் என்ற பள்ளத்தில் நின்ற, 'ராபின் ஹுட்' சினிமாவில் வந்த அந்த மரத்தை 2023 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு, புயலடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்கள். சுவர் மேலேயே விழுந்தது. இரண்டு பேருக்கு 2025இல் நாலு வருஷம் மூன்று மாதம் சிறைத்தண்டனை ஆனது. எதற்காக அறுத்தார்கள் என்பதற்கு உருப்படியான பதில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அடிக்கட்டை இருக்கிறது, 2024 கோடையில் அதில் துளிர் விட்டது. வேலி போட்டிருக்கிறார்கள். தண்டின் பெரிய துண்டு பக்கத்தில் 'த சில்' என்ற பார்வையாளர் மையத்தில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். மரம் போன பிறகு அங்கே போவது வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் போகிறேன்.

டென்ட் போட்டுக்கலாமா? ஓட்டல் செலவு மிச்சம்.

நினைத்த இடத்தில் போட முடியாது. ஸ்காட்லாந்தில் அந்த உரிமை உண்டு. இங்கே நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். பண்ணைகள் நடத்தும் முகாம் இடங்களும், பலர் சேர்ந்து தூங்கும் களஞ்சிய விடுதிகளும் வழியில் இருக்கின்றன. சுவர் நெடுகிலும் பி அண்ட் பி என்கிற வீட்டு விடுதிகள் உண்டு. கோடையில் இடம் கிடைப்பது கடினம், நாலைந்து மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். பெட்டியை அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையும் இருக்கிறது. இரண்டாம் முறை அதற்குக் காசு கொடுத்தேன், வாழ்நாளில் நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் மூன்றாம் நாள் ரசத்தை நினைத்து ஏங்குவீர்கள். வழியில் சாப்பாடு என்றால் பப்தான். சுட்ட உருளைக்கிழங்கில் பீன்ஸ், காய்கறி சூப், சீஸ் சாண்ட்விச். பல இடங்களில் சமையலறையை எட்டு மணிக்கே மூடிவிடுவார்கள். "கொஞ்சம் லேட்டா சாப்பிட்டுக்கலாம்" என்கிற நம் வழக்கம் இங்கே செல்லாது. காலையில் விடுதியில் முட்டையா வேண்டாமா என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

நான் கொண்டுபோவது: புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா, பருப்புப் பொடி, கடலை மிட்டாய். சாப்பாட்டுக் கடைகள் குறைவாக இருப்பது சாலர்ஃபோர்டுக்கும் கில்ஸ்லாண்டுக்கும் நடுவில். அங்கே மதியச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடங்கள்.

ஷூ, சாக்ஸ் பத்தி ஏன் இவ்வளவு அலட்டிக்கிறீங்க?

முதல் முறை புது பூட்ஸ் வாங்கி, பழக்காமல் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் மாலை குதிகாலில் எலுமிச்சம்பழம் போல் கொப்புளம். மூன்றாம் நாள் ஏற்றமெல்லாம் நுனிக்காலில். பழகிய பூட்ஸ், கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, தண்ணீர் புகாத மேல்கோட்டு, அதே மாதிரி கால்சட்டை. குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பாறை மேட்டில் அது ஐந்து நிமிஷம் தாங்காது.

இந்த அக்கறை எனக்கு மட்டும் இல்லை. சுவருக்குத் தெற்கே ஒன்றரை கிலோமீட்டரில் விண்டோலாண்டா என்ற கோட்டை. அங்கே ஈர மண்ணில் காற்றுப் படாமல் கிடந்த மெல்லிய மரச்சீவல்கள் 1973இல் கிடைத்தன. போஸ்ட் கார்டு அளவில், மையால் எழுதியவை. ஒன்று ஒரு வீரனுக்கு வந்த பார்சலோடு எழுதிய கடிதம்: சில ஜோடி சாக்ஸ், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பியிருக்கிறேன் என்று. ஊரிலிருந்து வரும் பார்சலில் அம்மா எழுதி வைக்கிற சீட்டு மாதிரியே இருக்கும்.

நான் தனியா வர்ற பொண்ணு. பயமில்லாம நடக்கலாமா அண்ணா?

தனியாக நடக்கும் பெண்களை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். கோடையில் அரை மணிக்கு ஒருத்தராவது எதிரில் வருவார், வணக்கம் சொல்வார். நடுப்பகுதிப் பள்ளங்களில் போன் சிக்னல் விட்டுப்போகும், எனவே இரவு தங்கும் இடத்தில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லி வையுங்கள். ரயில் பாதையும் தெற்கே கூடவே வருகிறது. முடியவில்லை என்றால் ஹெக்ஸம், ஹால்ட்விசில் நிலையங்களுக்கு இறங்கிவிடலாம்.

ஆளைவிடக் கவனிக்க வேண்டியது மாடு. கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். பாதையை விட்டுச் சுற்றிப் போனால் தப்பில்லை. நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும்.

வடக்கே இருந்த காட்டுமிராண்டிகள் வராம தடுக்கத்தானே இவ்வளவு பெரிய சுவர்?

ரோமரையும் காட்டுமிராண்டிகளையும் பிரிப்பதற்கு என்று ஹேட்ரியனின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுதிய ரோமர் சொல்கிறார். நடந்து பார்த்தால் வேறு கேள்வி எழும். தடுப்பதுதான் நோக்கம் என்றால் மைலுக்கு ஒரு வாசல் எதற்கு? 37ஆம் எண் சின்னக் கோட்டையின் வடக்கு வாசலில் வளைவின் கீழ்க்கற்கள் இன்னும் நிற்கின்றன. அந்த வாசலில் நின்றால் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். யார் வருகிறார், என்ன கொண்டு போகிறார், எவ்வளவு கட்ட வேண்டும். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் போய்வந்த ஜனங்கள் இருந்த ஊர் இது.

தெற்குப் பக்கமும் ஒரு பெரிய அகழி வெட்டினார்கள், வேலம் என்று பெயர், இரண்டு பக்கமும் மண்மேடு. எதிரி வடக்கே என்றால் தெற்கே எதற்கு அகழி? ராணுவ நிலத்துக்குள் உள்ளூர்க்காரர் நுழையாமல் இருக்க என்பதே பலரும் சொல்லும் விளக்கம். அதாவது சுவர் இரண்டு பக்கத்து ஆட்களையும் கண்காணித்தது. கடல் மாதிரி ஒரு பேரரசு, இதுக்கு மேல் வேண்டாம் என்று கோடு போட்டுவிட்டு, பிறகு முந்நூறு வருஷம் போல அந்த எல்லையைப் பராமரித்தது.

நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் நடந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. கார்லைலைத் தாண்டி ஒரு பாட்டி மட்டும் "நிஜமாகவே எந்த ஊர்?" என்று கேட்டார். தஞ்சாவூர் என்றேன். டீ கொடுத்தார்.

வெளியூர்க்காரர்கள் இங்கே புதிதும் இல்லை. காவல் இருந்த படைப்பிரிவுகள் பேரரசின் நாலு மூலையிலிருந்தும் வந்தவை. கார்வோரன் கோட்டையில் சிரியாவின் வில்லாளிகள். பர்டோஸ்வால்டில் இன்றைய ருமேனியாப் பக்கத்து டேசியர்கள். பர்க்-பை-சாண்ட்ஸில் மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க மூர்கள். டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் சவுத் ஷீல்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. சிரியாவின் பால்மைரா நகரிலிருந்து வந்த பராட்டீஸ், இங்கத்திய மனைவி ரெஜினாவுக்கு வைத்தது. அவள் அடிமையாக இருந்து அவனால் விடுவிக்கப்பட்டவள், முப்பது வயதில் இறந்திருக்கிறாள். லத்தீனில் எழுதிவிட்டுக் கீழே தன் தாய்மொழியில் அவன் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: பராட்டீஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

நமக்கும் ஒரு நூல் தொடர்பு உண்டு. முன்பு சொன்ன மரச்சீவல்களில் ஒன்று கணக்குச் சீட்டு. காம்பாக்ஸ் என்ற ஒருவன் மிளகு வாங்கியிருக்கிறான், இரண்டு டினாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசுக்கு. அந்தக் காலத்தில் மிளகு நம் மேற்குக் கரையிலிருந்துதான் போக வேண்டும். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பின என்று சங்கப் பாட்டு முசிறித் துறைமுகத்தைச் சொல்கிறது. அப்படித் திரும்பிய மூட்டை ஒன்றிலிருந்து ஒரு பொட்டலம் இந்தக் குளிரில் எவனோ ஒருவன் கஞ்சியில் விழுந்திருக்கிறது.

பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறாங்களாமே? அதுக்கு விசா எதாவது?

அது நடைபாதைக்கென்று விற்கும் ஓர் அட்டை. வால்ஸெண்டில் தொடங்கி போனெஸ் வரை ஏழு இடங்களில் முத்திரைப் பெட்டி இருக்கும், நாமே குத்திக்கொள்ள வேண்டும். உங்கள் நிஜப் பாஸ்போர்ட்டில் குத்திவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், குத்திக்கொள்ளப் போனவரை நான் தடுத்திருக்கிறேன்.

கடைசி நாள் கடல் தண்ணி ரோட்டை மூடிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. டைக்ஸ்ஃபீல்டுக்கும் ட்ரம்பராவுக்கும் நடுவே சதுப்பு நிலத்தில் நேராக ஒரு சாலை. பெரிய ஓதம், அதாவது கடலேற்றம், வரும் நாட்களில் தண்ணீர் சாலை மேல் ஏறிவிடும், பாதையும் அதிலேதான். ஓதப் பட்டியலை முந்தின இரவே பாருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நடப்பதாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தச் சதுப்பில்தான் ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்துப் போன இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1307 ஜூலை 7இல் இறந்தான். அக்கரை கண்ணுக்கு எதிரே. அவனுக்கு ஒரு தூண் வைத்திருக்கிறார்கள், மாடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன.

முடியுற இடத்துல என்ன இருக்கு?

கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன மரக் கொட்டகை. பெஞ்சு. அவ்வளவுதான். கோட்டை இருந்த இடத்தின் மேல் கிராமம் உட்கார்ந்திருக்கிறது, சுவரில் ஒரு கல்கூட அங்கே நிற்கவில்லை. ஏமாற்றமாக இருக்கும் என்று முன்பே சொல்லி வைக்கிறேன். பப் ஒன்று உண்டு. கார்லைலுக்குத் திரும்பும் பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான், நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கார்லைலிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். வடக்குப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஹால்ட்விசில் தாண்டியதும் பாறை மேடு தூரத்தில் தெரியும். முதல் முறை அதைப் பார்க்க வேண்டும் என்றே இடம் பிடித்து உட்கார்ந்தேன். பார்டன் மில் நிலையம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.